டாக்டரிடம் சொல்லாத நெய்

என் மகளுடைய நோயை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு டெய்லர். அதற்குப் பிறகு எத்தனையோ மெஷினுக்குள் அவளைப் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஆனால் முதல் ரிசல்ட்டைச் சொன்னது ஓர் இஞ்சு டேப்தான்.

பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர். மானாவாரிக் கரிசல். மக்காச்சோளம், உளுந்து, மழை மனசு வைத்தால் கொஞ்சம் பருத்தி. வேணிக்கு அப்போது ஒன்பது வயது. கோவில் கொடைத் திருவிழாவுக்கு என்று புதியம்புத்தூரில் ஒரு டெய்லர் கடைக்குப் போய் அவளுக்கு முழுக்கை வைத்த கவுன் ஒன்று எடுத்து வந்தேன். வலது கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இடது கை முழங்கைக்குக் கீழே வந்து நின்றுகொண்டது. இழுத்தால் "வலிக்கிப்பா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, டெய்லர் மேல். மறுநாளே கவுனையும் பிள்ளையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். நான் சண்டை போடப் போனால் வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடுவார்கள். எங்கள் ஊர்க் கொடையில் மைக்கைப் பிடித்து அறிவிப்பு செய்கிறவன் நான். அறிவிப்பைவிடக் கேலி அதிகமாக இருக்கும்.

"என்ன அண்ணாச்சி, உம்ம ஊசிக்கு ஒரு கண்ணு தெரியலயா? ஒரு கைய கத்திரிக்காய்க்கும் இன்னொரு கைய முருங்கைக்காய்க்கும் தச்சு வச்சிருக்கீரு?"

அவர் சிரிக்கவில்லை. கவுனை மேசையில் விரித்து இரண்டு கையையும் அளந்து காட்டினார். இரண்டும் ஒரே அளவு. பிறகு, "ஏத்தா, கைய நீட்டு" என்று வேணியின் கைகளை அளந்தார். டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

"சட்டைய வேணா மாத்தித் தாரேன் அண்ணாச்சி. பிள்ளைய டாக்டர்ட்ட காட்டுங்க."

"பிள்ளைய மாத்தித் தரமாட்டியளா?" என்றேன். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். வேணியும் சிரித்தாள். நான் செத்தால் மேலே என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கோவில்பட்டியில் ஒரு டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார். நீர்க்கட்டியாக இருக்கும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டு ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேன் எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கவரை நீட்டினார். மூன்றாவது நாள் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நின்றோம்.

அங்கே முதலில் பயாப்ஸி. கட்டிக்குள் ஒரு பெரிய ஊசியை விட்டு அரிசிமணி அளவு சதையை எடுத்து, அது என்ன சதை என்று பார்ப்பது. அதற்குப் பதில் வர எட்டு நாள் ஆனது. பெரிய டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரி ராணியையும் உட்காரவைத்து, ராப்டோமயோசார்கோமா என்றார். எனக்கு ஏதோ பூச்சிமருந்துப் பெயர் போல இருந்தது.

"தசையா வளரவேண்டிய செல்லுங்க இது. தசையாவும் ஆகாம, நிக்கவும் தெரியாம, பெருகிக்கிட்டே போகுது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அதிகமா வரும்."

"எங்க வீட்ல இன்னொரு ஆளும் அப்படித்தான் டாக்டர். ஒண்ணாவும் ஆகல, நிக்கவும் தெரியல" என்றேன். என்னைக் காட்டித்தான் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். ராணி என் தொடையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. பயத்தில் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு ஜோக் வரும். அதற்கு மாத்திரை கிடையாது.

பிறகு கீமோ. வாரம் ஒரு தடவை வின்கிரிஸ்டின் என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதோடு இன்னும் இரண்டு சேரும். வேகமாகப் பெருகும் செல்லைக் கொல்லும் மருந்துகள். முடி, வாய், வயிறு, ரத்தம் எல்லாமும் வேகமாகப் பெருகுகிறவைதானே, அவற்றையும் விடாது. வேணியின் முடி தலையணையில் வந்தது. வாயெல்லாம் புண். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாலும் கண்ணீர் விட்டுக்கொண்டு விழுங்குவாள். விழுங்கியதை அரைமணி நேரத்தில் திருப்பிக் கொடுப்பாள்.

காத்திருக்கும் ஹாலில் நீலநிற நாற்காலிகள். மொட்டைத்தலைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் அங்கேயும் மைக்கில்லாமல் அறிவிப்பு செய்வேன். "ரெண்டாம் நம்பர் மொட்டை, ரெண்டாம் நம்பர் மொட்டை, எங்கிருந்தாலும் ஊசி ரூமுக்கு வரவும்." பிள்ளைகள் சிரிக்கும். எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொடுத்து, "நீங்க வார அன்னைக்கு எம்பிள்ள அழ மாட்டேங்கான் அண்ணாச்சி" என்பார். ஒரு வாரம் அந்த அம்மா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே அப்படித்தான்.

நானும் வேணியும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தோம். ராணி ஊரில் கருக்கலில் எழுந்து, மாட்டைப் பார்த்து, வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, முதல் பஸ்ஸில் கோவில்பட்டி வந்து, மதுரைக்கு வண்டி மாறி, துவைத்த துணியோடு வருவாள். வந்ததும் வேணியின் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அமுக்கிவிடுவாள். பேச மாட்டாள். பேசுகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

எட்டாவது வாரம் போல இருக்கும். என் மச்சான், ராணியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர், போனில் ஒரு வீடியோ அனுப்பினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், கஞ்சாவில் இருக்கும் பொருள் கேன்சர் செல்லைத் தற்கொலை செய்யவைக்கும், கம்பெனிக்காரர்கள் இதை மறைக்கிறார்கள் என்று பேசினார். பின்னால் ஒரு செடி ஆடிக்கொண்டிருந்தது. கோட்டை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம்தான். நானே ஒருமுறை கொடையில் கோட்டுப் போட்டு டாக்டராக நடித்திருக்கிறேன்.

அதனால் டாக்டரம்மாவிடமே கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. கேலி போலக் கேட்டேன்.

"டாக்டர், கஞ்சா குடிச்சா கேன்சர் போயிரும்னு வாட்ஸப்புல வருது. எங்க ஊர்ல பாதிப் பேரு நூறு வருசம் இருப்பான் போல."

டாக்டரம்மா சிரித்துவிட்டுச் சொன்னதை இப்போது முழுதாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் பாதிதான் கேட்டேன்.

"அது முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். நம்ம செல்லோட வெளிப்பக்கம் ரிசப்டர்னு ஒண்ணு உண்டு. காலிங் பெல் சுவிட்ச் மாதிரி வச்சுக்கோங்க. வெளிய இருந்து அமுக்கினா உள்ள மணி அடிக்கும், செல் ஏதோ ஒரு வேலை செய்யும். கஞ்சாவுல இருக்கிற பொருளுக்குன்னே ஒரு வகை சுவிட்ச் இருக்கு. கன்னாபினாய்டு ரிசப்டர். அந்த மாதிரிப் பொருளை நம்ம உடம்பே கொஞ்சம் தயாரிக்குது, அதுக்காக வச்சிருக்கிற சுவிட்ச் அது."

"அப்போ எனக்கு ஒடம்புக்குள்ளேயே கஞ்சா ஓடுதா? எங்க வீட்ல சந்தேகப்பட்டது சரிதான்."

"கேளுங்க. சில பிள்ளைகளோட கேன்சர்ல, உங்க பொண்ணுக்கு வந்திருக்கிற வகையில கூட, அந்த சுவிட்ச் சாதாரணச் செல்லைவிட அதிகமா இருக்கலாம்னு பார்த்திருக்காங்க. அதை வச்சு மருந்து செய்ய முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. கண்ணாடித் தட்டுல செல்லை வளர்த்து மருந்தை ஊத்தினா சில சமயம் சாகுது. தட்டுக்கு மூளை கிடையாது, குடல் கிடையாது. பிள்ளைக்கு இருக்கு. அதனால எதையும் கொடுத்துடாதீங்க. கொடுக்கணும்னு தோணுனா என்கிட்ட கேட்டுட்டுத்தான்."

எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: முழுப் பொய் இல்லை. உங்கள் பெண்ணுக்கு வந்திருக்கும் வகையில் கூட. செல் சாகுது.

எங்கள் பக்கம் பயிருக்கு எப்படி மருந்தடிப்போம் என்று சொன்னால்தான் நான் அடுத்து செய்தது விளங்கும். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் கடைக்காரர் ஒரு பாட்டில் எடுத்துத் தருவார். ஒரு பாட்டிலோடு ஊருக்குத் திரும்புகிறவனை எவனும் சம்சாரி, அதாவது விவசாயி, என்று மதிக்க மாட்டான். புழுவுக்கு ஒன்று, இலைப்புள்ளிக்கு ஒன்று, பயிர் கருகருவென்று நிற்க ஒரு டானிக், மூன்றையும் ஒரே டேங்கில் ஊற்றிக் கலக்கி அடித்துவிடுவோம். ஒரே நடையில் மூன்று வேலை. அதிலும் ஒரு முறை உண்டு. புழுமருந்தை ஒரு கடையில் வாங்கினால் டானிக்கை இன்னொரு கடையில் வாங்குவோம். இந்தக் கடைக்காரரிடம் அந்தக் கடையில் வாங்கியதைச் சொல்ல மாட்டோம். சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அப்ப அங்கனயே எல்லாத்தையும் வாங்க வேண்டியதுதானே" என்பார். அடுத்த போகத்துக்கு நல்ல சரக்கு தர மாட்டார்.

ஒரு வருசம் அப்படிக் கலக்கி அடித்ததில் என் பருத்தி இரண்டே நாளில் நெருப்பு வைத்ததுபோலக் கருகியது. எது எதோடு சேரவில்லை என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எந்தக் கடைக்காரருக்கும் முழுக்கதை தெரியாது. அந்தப் பாடம் எனக்கு இருந்தது. இருந்தும் என்ன, கரிசல் நிலம் ஒரு மழைக்கு எல்லாவற்றையும் மறந்துவிடும். நானும் அந்த நிலத்து ஆள்தானே.

மச்சான் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். கரும்பச்சையாக நெய். யாரோ காய்ச்சிக் கொடுத்தது. யார் என்று நான் கேட்கவில்லை. அதில் எது எவ்வளவு இருந்தது என்று அவருக்கும் தெரியாது.

"தங்கச்சிட்ட சொல்லாதீரும். அவ பயந்துருவா. டாக்டர்ட்ட வாயத் தெறக்காதீரும், கேஸாயிரும்" என்றார்.

ராணி ஊருக்குப் போகும் நாட்களில் காலையிலும் மாலையிலும் ஒரு ஸ்பூன். வேணிதான் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, இது என்ன நெய்? ஆட்டுக்கிடை மாதிரி நாறுது."

"இது ராசா வீட்டு நெய்ட்டி. ஓங்கம்மைக்குத் தெரிஞ்சா அவளும் கேப்பா. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கணும்பாவ. நமக்குள்ள இருக்கட்டும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று என் கையில் அடித்தாள்.

முதல் வாரம் நன்றாகத் தூங்கினாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தேன். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியும் செய்யாததை ஒரு ஸ்பூன் செய்துவிட்டது. அதை ஊற்றியவன் நான். இரண்டாவது வாரம் ஸ்பூனைப் பெரிதாக்கினேன். டானிக் வேலை செய்தால் அளவைக் கூட்டத்தானே செய்வோம்.

மூன்றாவது வாரம் தாடை வலிக்கிறது என்றாள். பல் என்று நினைத்தேன். அப்புறம் நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் வயிறு வீங்கி, தட்டினால் மேளம்போலச் சத்தம் கேட்டது. பச்சையாக வாந்தி எடுத்தாள். கட்டிலிலிருந்து இறங்கியவள் இரண்டு எட்டு வைத்ததும் குப்புற விழுந்தாள். தடுக்கிவிட்டது என்றாள். தரையில் தடுக்க ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்த எக்ஸ்ரேயில் குடல் முழுக்கக் காற்று. குடல் உருண்டு உருண்டு சாப்பாட்டைத் தள்ள வேண்டும். அது அப்படியே நின்றுவிட்டது என்றார்கள். ஓட்டை விழுந்தால் உயிருக்கு ஆபத்து, அறுக்கலாம் என்றால் ரத்த அணுக்கள் மிகக் குறைவு, காயம் ஆறாது. மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்குள் இறக்கினார்கள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பிடிக்கச் சொன்னார்கள். இறக்கும்போது அவள் என்னை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் அங்கே இல்லாததுபோல.

சிஸ்டர் ஒரு தாளோடு வந்தார். "வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, சித்த மருந்து, கஷாயம்?"

"என் சமையல்தான் குடுத்தேன். அதுவும் ஒருவகை விஷம்தான் சிஸ்டர்."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினார். அது முதல் தடவை. மதியம் சின்ன டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது இரண்டாவது. வயிறு அறுக்கும் டாக்டர் வந்து, வயிற்றை ஒரு விரலால் தொட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார். மூன்றாவது.

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் ராணி கேட்கிறாள். போலீஸ் பயம் உண்டு. மச்சான் மாட்டுவார் என்ற பயமும் உண்டு. அதையெல்லாம்விட, சொல்லிவிட்டால் அது நான் செய்தது என்று ஆகிவிடும். சொல்லாதவரைக்கும் அது கேன்சர் செய்தது. இவ்வளவுதான் காரணம். அலங்கரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். பச்சைத்திரைக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்து கேட்பது எனக்குக் கேட்டது.

"வேணி, நான் திட்ட மாட்டேன். யாராவது உனக்கு வேற ஏதாவது சாப்பிடக் குடுத்தாங்களா கண்ணு? மருந்து மாதிரி, எண்ணெய் மாதிரி?"

மூக்குக் குழாயோடு பேசினால் குரல் கொரகொரவென்று வரும்.

"இல்ல ஆன்ட்டி."

"நெஜமா?"

"சத்தியமா ஆன்ட்டி. தோசதான்."

வயிறு அப்படி வீங்கிக்கிடக்கும்போது அவள் சொன்னது அது. நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"கஞ்சா நெய் குடுத்தேன் டாக்டர். மூணு வாரமா."

பக்கத்தில் நின்ற சிஸ்டர், "சும்மா இருங்க அண்ணாச்சி, எந்த நேரத்துல என்ன வெளையாட்டு" என்றார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, துண்டுக்குள் சுற்றியிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போய்ச் சேர்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

டாக்டரம்மா திட்டவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்தார். "எவ்வளவு? எத்தனை வேளை? கடைசியா எப்போ?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். போலீஸ் என்று நான் இழுத்தபோது, "எனக்கு அளவுதான் வேணும்" என்றார். அவர் என்னை அடித்திருக்கலாம். அதை நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

என்ன நடந்தது என்று மறுநாள் உட்காரவைத்துச் சொன்னார். ராணியும் இருந்தாள்.

"வின்கிரிஸ்டினை உடைச்சு வெளிய அனுப்புற வேலை கல்லீரலோடது. கஞ்சாவுல இருக்கிற சில பொருள் கல்லீரலோட அதே வேலையாளைப் பிடிச்சு வச்சுக்கும். அப்போ போன வார மருந்து முழுசா போகாது, இந்த வார மருந்து அதுமேல ஏறும். அந்த மருந்து அதிகமானா நரம்பைத் தாக்கும். தாடை, குடல், கால். அது ஒண்ணு. இன்னொண்ணு, அன்னைக்கு ஒரு சுவிட்ச் சொன்னேன்ல? அது கேன்சர்ல மட்டும் இல்ல. மூளையிலயும் இருக்கு, குடல்லயும் இருக்கு. குடல்ல அதை அமுக்கினா குடல் மெதுவாகும். கேன்சர்ல மட்டும் போய் அமுக்குற மாதிரி ஒரு விரல் கிடைச்சிருந்தா நாங்களே குடுத்திருப்போம். அதைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க."

"இதுனாலதான்னு நிச்சயமா சொல்ல முடியுமா டாக்டர்?" என்றேன். ஒரு துரும்பைப் பிடிக்கப் பார்த்தேன்.

"முடியாது. அந்த மருந்து தனியாவே சில பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யும். ஆனா முதல் நாளே சொல்லியிருந்தா வின்கிரிஸ்டினை அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். போன வார ஊசியைப் போட்டிருக்க மாட்டேன்."

ராணி எழுந்து வெளியே போனாள். ஹாலில் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. இதுக்கு ஒரு ஜோக் சொல்லுங்க. கேக்குதேன்."

ஒன்பது நாள் குடல் நின்றிருந்தது. வாயில் தண்ணீர்கூடக் கிடையாது. உதட்டை நனைக்கப் பஞ்சு. பத்தாம் நாள் காலை வேணிக்குக் காற்றுப் பிரிந்தது. ஒரு மனுசனுடைய வாழ்க்கையில் அந்தச் சத்தத்துக்காக நாலு டாக்டர்கள் சந்தோசப்படுவதைப் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். சிஸ்டர் கைதட்டினார். வேணி வெட்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அதற்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"நான் சொல்லலப்பா. அவியளா கண்டுபிடிச்சிட்டாவ."

நான்தான் சொன்னேன் என்பதை அவள் கவனித்திருக்கவில்லை. நான் சொன்ன நேரத்தில் வலிக்குப் போட்ட ஊசியில் கண் செருகியிருந்தாள். தன்மேல் தப்பில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சரிட்டி என்றேன்.

குடல் பழைய நிலைக்குத் திரும்பியது. பாதம் திரும்பவில்லை. இரண்டு பாதமும் கணுக்காலிலிருந்து தொங்கின. மேல்நோக்கித் தூக்கும் நரம்பு வேலை செய்யவில்லை. கீமோவை ஐந்து வாரம் நிறுத்திவைத்தார்கள். பிறகு அந்த மருந்தைக் குறைத்துத் தொடங்கி, கதிர்வீச்சும் கொடுத்து, முடித்தார்கள். நிறுத்திவைத்த ஐந்து வாரத்தில் கட்டி பிழைத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். "தெரியாது" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையைத்தான் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இதுவரை இரண்டு எடுத்தாயிற்று. இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின வாரம் ராணி சாப்பிடுவதில்லை. எனக்கு நன்றாகப் பசிக்கிறது. அதையும் ஒரு நோயாகத்தான் சொல்ல வேண்டும்.

வேணி இப்போது காலில் பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறாள். முன்பு பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுத்தால் முதல் பெயர் அவளுடையதாக இருக்கும். இப்போது பட்டையைக் கழற்றினால் ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் தரையில் 'சப்'பென்று அறையும். அந்தச் சத்தம் எந்த அறையிலிருந்து வந்தாலும் எனக்குக் கேட்கும்.

ஊருக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. ஊர் கூட்டிக் கழித்த கணக்கு ஒன்றே ஒன்று: கஞ்சா நெய் கொடுத்தார், பிள்ளை பிழைத்தது. மச்சானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் மறுத்தால், "அண்ணாச்சி எதையும் நேராச் சொல்ல மாட்டாருல்லா" என்று சிரிக்கிறார்கள். முப்பது வருசம் கேலி பேசிச் சேர்த்துவைத்தது அது.

போன மாதம் நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான். சட்டைப் பாக்கெட்டில் பூச்சிமருந்துக் கடைப் பேனா, கையில் பிளாஸ்டிக் கவரில் ஸ்கேன் படம். காபியைத் தொடவில்லை.

"எம்பிள்ளைக்கு வயித்துல கட்டி அண்ணாச்சி. ஊசி போட்டுட்டு இருக்கோம். உங்க நெய் கொஞ்சம் வேணும்."

உட்காரவைத்து முழுதும் சொன்னேன். டேங்க் கலக்குவதிலிருந்து தொடங்கினேன், அவரும் சம்சாரி என்பதால். சுவிட்சைச் சொன்னேன், குடலைச் சொன்னேன், ஐந்து வாரத்தைச் சொன்னேன். ஒரு கேலி கலக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் நேராகப் பேசியதில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மழை நிற்கட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர் போல.

கடைசியில் வேறு வழி தெரியாமல், "ஏட்டி வேணி, பட்டையக் கழத்திட்டு இங்கன நடந்து வா" என்றேன்.

ராணி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். வேணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுவரை விட்டு நடு அறைக்கு வந்தாள். சப், சப், சப். எட்டு அடி வைத்தாள். வந்தவர் முன்னால் நின்றாள்.

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். தலையில் புதிதாக வளர்ந்திருந்த முடியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"நடக்காளே அண்ணாச்சி. எம்பிள்ள நாலு மாசமாக் கட்டில்லதான் கெடக்கா."

இல்லை என்று நான் சொன்னேன். நெய் இல்லை, இருந்தாலும் தர மாட்டேன், முதலில் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். அவர் ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"உம்ம பிள்ள பொழச்சிட்டா. இனி எவம் பிள்ள போனா உமக்கென்ன? நீரு தராட்டா வேற ஆளா இல்ல. உம்ம மச்சான் நம்பரு எங்கிட்ட இருக்கு."

பைக் போகும் சத்தம் ஓடைப் பாலத்தைத் தாண்டும் வரை கேட்டது. மச்சானுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். லாரியில் இருப்பார்.

வேணி தரையில் உட்கார்ந்து பட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த மாமா பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஏழுன்னாரு."

ஒரு பட்டையை இறுக்கிவிட்டு அடுத்த காலை இழுத்துவைத்துக்கொண்டாள்.

"அப்போ அந்த மாமா அவட்டயும், 'டாக்டர்ட்ட சொல்லக்கூடாது'ம்பாரு" என்றாள்.